மொழிபெயர்க்கிறவர் வெளியே இருக்கட்டும்

பிப்ரவரி 4

அன்புள்ள நாத்தனார் வாத்தியாரம்மாவுக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. உன் இருமல் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இறங்காவிட்டால் முதலில் மருந்தைக் குடி, பிறகு இதைப் படி. இங்கே உன் அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் உள்ள கடிகாரங்களை எல்லாம் தினமும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

என் விஷயம் உனக்குத் தெரியும். நவம்பரில் பணிமனையில் பேருந்து இருக்கை ஒன்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கினேன். விழுந்தேன். வலது தோள் விலகியது. தோள் அதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. நான்தான் இன்னும் என் இடத்துக்குத் திரும்பவில்லை. என்னை மறுபடி இருக்கை தைக்க விடலாமா, கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று ஒரு குழு முடிவு செய்யப்போகிறது. இரண்டு டாக்டர்கள், ஒரு அதிகாரி அம்மா. ஜூனில் கடைசி விசாரணை.

போன வாரம் முதல் விசாரணை நடந்தது. எல்லாம் இங்கிலீஷ். பணிமனையில் ஆளுக்கொரு மொழி என்பதால் ஊசி, நூல், கறுப்பு, நாளைக்கு என்று ஒரு கைப்பிடி வார்த்தையில் இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். அதனால் உன் அண்ணன் மொழிபெயர்க்க வந்தார். தைக்க முடியுமா என்று டாக்டர் கேட்டார். "முடியும்ங்க, எப்பவும் போல" என்றேன். உன் அண்ணன் "ஷி கேன் ஸ்டிச்" என்றார். சரி. அப்புறம் "பட்" என்றார். அந்தப் பட்டுக்குப் பிறகு நீளமாக ஏதோ போனது. டாக்டர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்கும் அப்படியே. நான் சொன்னதைச் சொல்வார், ஒரு பட் போடுவார், நான் சொல்லாததைச் சொல்வார்.

திரும்பும்போது பேருந்தில், நானே தைத்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நீ சொன்னதைத்தான்."

"நான் மூணு வார்த்தை சொன்னேன். நீங்க மூச்சு வாங்கற அளவுக்குப் பேசுனீங்க."

"இங்கிலீஷ்ல அப்படித்தான் வரும்."

நீ முப்பது வருடம் இங்கிலீஷ் நடத்தியவள். மூன்று வார்த்தை இங்கிலீஷில் அவ்வளவு நீளமாகுமா? ஆகாது என்றால் எனக்குக் கற்றுக்கொடு. என் வாயால் நான் பேச வேண்டும். இதை உன் அண்ணனுக்குத் தெரிந்தேதான் எழுதுகிறேன். தபாலில் போடப்போவதே அவர்தான்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்
அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

மருந்தைக் குடித்துவிட்டுத்தான் படித்தேன். இருமல் பாதி போய்விட்டது. மீதிப் பாதி, இந்த வீட்டில் எனக்குத் துணைக்கு யாரும் இல்லையே என்று இரக்கப்பட்டுத் தங்கியிருக்கிறது. உங்கள் தோள் எப்படி இருக்கிறது? இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வலிக்கிறதா என்று எழுதவில்லை.

மூன்று வார்த்தை இங்கிலீஷிலும் மூன்று வார்த்தைதான். அதிகம் போனால் நான்கு.

பாடத்துக்கு வருவோம். முடியும் என்பதற்குக் கேன், முடியாது என்பதற்குக் கேனாட். கவனிக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கும் பட். அது நம்முடைய 'ஆனால்'. என் மிதிவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். "வண்டி பழசு, ஆனால் ஓடும்" என்று சொல்லலாம். "வண்டி ஓடும், ஆனால் பழசு" என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. முதலாவதைக் கேட்டவர் பின்னால் ஏறி உட்காருவார். இரண்டாவதைக் கேட்டவர் பரவாயில்லை என்று நடந்தே போய்விடுவார். கேட்கிறவர் மனதில் தங்குவது பட்டுக்குப் பின்னால் வருவதுதான்.

அண்ணன் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கையை முன்னால் வைத்துத் தோளைப் பின்னால் வைத்திருக்கிறார். நீங்கள் மாற்றி வையுங்கள். "ஐ கேனாட் லிஃப்ட் எ சீட் அலோன், பட் ஐ கேன் ஸ்டிச் இட்." தனியாகத் தூக்க முடியாது, ஆனால் தைக்க முடியும்.

இன்னொரு சொல் ஆல்தோ. நம் 'இருந்தாலும்' மாதிரி. நமக்கு அது நடுவில் வரும், இங்கிலீஷில் வாக்கியத்தின் தலையிலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். "ஆல்தோ மை ஷோல்டர் இஸ் வீக், ஐ கேன் ஸ்டிச்." ஆல்தோ வந்துவிட்டால் அந்த வாக்கியத்தில் பட்டுக்கு வேலை இல்லை. என் மாணவர்கள் விடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள், நானும் விடாமல் பட்டை வகுப்புக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள். தப்பு வந்தால் வரட்டும். சிவப்பு மை இன்னும் காயவில்லை.

அண்ணனையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 8

வாத்தியாரம்மாவுக்கு,

மீதி இருமலையும் துரத்திவிட்டாயா? இங்கே எல்லாரும் சௌக்கியம். வீட்டுப்பாடம் இதோ.

ஒன்று. ஐ கேன் ஸ்டிச், பட் யுவர் பிரதர் கேனாட்.

இரண்டு. ஆல்தோ மை மெஷின் இஸ் ஓல்ட், பட் இட் கேன் ரன். எழுதி முடித்த பிறகுதான் அந்தப் பட் கண்ணில் பட்டது. நானே வெளியே அனுப்பிவிட்டேன், நீ மையைச் செலவழிக்க வேண்டாம்.

மூன்று. மை ஹஸ்பண்ட் கேன் டாக், பட் ஹி கேனாட் லிசன். உன் அண்ணன் பின்னால் நின்று இதைப் படித்தார். "இலக்கணம் சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருகப் போய்விட்டார்.

நான்கு. ஐ கேனாட் ஸ்பீக் ஃபாஸ்ட், பட் யு கேன் வெயிட். என்னால் வேகமாகப் பேச முடியாது, ஆனால் உங்களால் காத்திருக்க முடியும். இது அந்த டாக்டருக்கு.

ஐந்தாவதைத் தோளை வைத்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. அடுத்த முறை பார்க்கலாம்.

வாரத்துக்கு ஒரு தடவை கையெழுத்துப் போடப் பணிமனைக்குப் போகிறேன். என்னைப் பார்த்ததும் கூடத்தில் "டபுள் தையல், டபுள் தையல்" என்று கத்துகிறார்கள். இரட்டைத் தையல் போடாமல் ஒரு இருக்கையையும் விடமாட்டேன் என்பதால் வந்த பட்டப்பெயர். அவர்களுக்குத் தமிழில் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் பாதி இங்கிலீஷ். என் இயந்திரத்தின் மேல் யாரோ துணி மூடி வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த வாரம் மறுபடி மூடியிருக்கிறது.

அடுத்த பாடத்தைச் சீக்கிரம் அனுப்பு.

அண்ணி


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள். தனியாக இருக்கிறாய் என்பது தினமும் நினைவுக்கு வருகிறது.

உன் அண்ணி உனக்கு எழுதுவதை நான்தான் தபாலில் போடுகிறேன். அவள் எழுதாததை நான் எழுதுகிறேன். அவள் தினமும் வலியோடு இருக்கிறாள். காலையில் சட்டைக் கையை மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நான் அறைக்குள் வந்தால் ஏதோ பாட்டை முணுமுணுப்பதுபோல் நடிக்கிறாள். விசாரணையில் நான் சொன்னது இதைத்தான். அவள் சொல்லச் சொன்னாளா என்றால் இல்லை. உண்மையா என்றால் உண்மை.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவளையும் அனுப்பிவிட்டால் இருவரும் அங்கேயே வந்துவிடலாம். உன் பக்கத்தில் படி இல்லாத சின்ன வீடாக ஒன்று பார்த்து வை. முன்பணம் நான் அனுப்புகிறேன். இப்போதைக்கு அவளிடம் சொல்ல வேண்டாம்.

பாடத்தை நிறுத்து என்று சொல்லவில்லை. கொஞ்சம் மெதுவாக நடத்து. ஜூன் தாண்டட்டும்.

உன் நன்மையையும் சேர்த்தே யோசிக்கும்
அண்ணன்


ஏப்ரல் 26

வாத்தியாரம்மா,

நான் எழுதி ஏழு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று உன் அண்ணன் சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

என் மேல் ஏதாவது வருத்தம் இருந்தால் எழுதித் திட்டு. மூன்றாவது வாக்கியம் உன் அண்ணனைப் பற்றியது என்பதால் கோபமா? அப்படியிருந்தாலும் அதை வாபஸ் வாங்க மாட்டேன்.

நீ எழுதாவிட்டால் நான் நின்றுவிடுவேன் என்று நினைக்காதே. வானொலியில் இங்கிலீஷ் செய்தி கேட்கிறேன். மந்திரி ஒருவர் தினமும் "வி கேன், பட்" என்கிறார். அந்தப் பட்டுக்குப் பிறகு வருவதைக் கேட்டால், அவர்களால் எதுவும் முடியாது என்று தெரிகிறது. உன் மிதிவண்டிப் பாடம் வேலை செய்கிறது.

நலமாக இருக்கிறேன் என்று ஒரே ஒரு வரியாவது போடு.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி என்று நீ எழுதவே இல்லை.

வீடு பார்த்தேன். என் ஜன்னலுக்கு நேர் எதிரே காலியாக இருக்கிறது. படி இல்லை, காற்று வருகிறது, சமையலறை அகலம். உள்ளே போய் நின்று பார்த்தேன். நீங்கள் இருவரும் அங்கே இருந்தால் மாலையில் என்னோடு பேச ஆள் இருக்கும். இதை நினைத்துக்கொண்டேதான் இத்தனை வாரம் ஒருவருக்கும் எழுதாமல் இருந்தேன்.

வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். முன்பணம் அனுப்பாதே.

வகுப்பில் ஒரு பையனைக் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவன் பதில் சொல்வான். பதில் சரியாகத்தான் இருக்கும். நான் மதிப்பெண் கொடுக்க மாட்டேன். "மிஸ், நான் சொன்னது ரைட்டுதானே?" என்பான். "ரைட்டுதான்ப்பா, உன்னை யார் கேட்டா?" என்பேன். உன்னிடமும் அதையே கேட்கிறேன். வலி அண்ணியுடையது. அதைச் சொல்வதும் மறைப்பதும் அவர் விருப்பம்.

பாடத்தை மெதுவாக நடத்தச் சொல்கிறாய். இன்று இரட்டைப் பாடமாக அனுப்புகிறேன். அதையும் நீயே அவரிடம் கொடுத்துவிடு.

தங்கை


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன். கொஞ்சம் வேலையாக இருந்துவிட்டேன். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை, பொருளும் சரி.

புதிய சொல் ஹவெவர். இதுவும் ஆனால்தான், கொஞ்சம் கோட்டு மாட்டிக்கொண்ட ஆனால். முதல் வாக்கியத்தை முடித்துப் புள்ளி வைத்துவிட்டு, அடுத்த வாக்கியத்தை இதில் தொடங்க வேண்டும். எழுத்தில் அழகு. பேச்சில் அதைத் தேடி நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம், உங்களுக்குப் பட்டே போதும். ஈவன் தோ என்பது ஆல்தோவின் தங்கை, குரல் கொஞ்சம் ஓங்கி இருக்கும். கோபம் வந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்வது பாடப்புத்தகத்தில் இல்லை. ஐந்தாவது வாக்கியம் இன்னும் வரவில்லை. இதோடு இரண்டாவது முறை கேட்கிறேன், தோள் வலிக்கிறதா? எனக்குச் சொல்ல வேண்டாம். அங்கே சொல்லுங்கள். நாம் சொல்லாமல் விடுவதை நமக்காக இன்னொருவர் சொல்லிவிடுவார், அவருக்கு வசதியான இடத்தில் வைத்துச் சொல்வார். நம் குறையை நாமே சொன்னால், அதை எங்கே வைப்பது என்பதும் நம் கையில் இருக்கும்.

மொழிபெயர்க்கிறவர் வெளியே இருக்கட்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவர் என் கூடப் பிறந்தவராகவே இருந்தாலும்.

தைரியமாகப் போய் வாருங்கள்.

நாத்தனார்


ஜூன் 14

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதப்போவதில்லை. படித்தால் தெரியும்.

நேற்று விசாரணை. உன் அண்ணன் கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை வந்தார். கதவில் நின்றுகொண்டேன்.

"நீங்க வெளியில உட்காருங்க."

"ஏதாவது புரியலைன்னா?"

"திரும்பக் கேட்டுக்கறேன்."

"அந்த டாக்டர் ரொம்ப வேகம்."

"மெதுவாப் பேசச் சொல்றேன்."

"அவசரத்துல எதையாவது உளறிடாத."

"உளறினா அது என் உளறலா இருக்கட்டும்."

அவர் வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே அதிகாரி அம்மா காலி நாற்காலியைக் காட்டி ஏதோ கேட்டார். கணவர் வரவில்லையா என்பதாகத்தான் இருக்கும். "ஐ கேன் ஸ்பீக்" என்றேன்.

டாக்டர் எடுத்த எடுப்பிலேயே கடகடவென்று கேட்டார். என் நான்காவது வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து மெதுவாகக் கேட்டார். தைக்க முடியுமா? முடியும். இருக்கையைத் தூக்க முடியுமா? தனியாக முடியாது, ஆனால் இன்னொருவர் மறுமுனையைப் பிடித்தால் முடியும். அங்கே எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறோம். இதை நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்.

அப்புறம் மற்ற டாக்டர், இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தவர், "பெயின்?" என்றார்.

உனக்குக்கூட நான் எழுதியதில்லை. வலி இருக்கிறது. தினமும். சட்டைக் கையை மாட்டும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சட்டைக் கைக்கு இங்கிலீஷ் வார்த்தை மறந்துபோனதால் மாட்டிக் காட்டினேன். காட்டும்போதே வலித்தது, அதையும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சொன்னேன். "ஈவன் தோ ஐ ஹாவ் பெயின், ஐ கேன் ஸ்டிச். ஐ கேனாட் ஒர்க் டென் அவர்ஸ், பட் ஐ கேன் ஒர்க் சிக்ஸ்." உன் ஆல்தோவின் தங்கையைத்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது கோபம் இருந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

வெளியே வந்தேன். உன் அண்ணன் எழுந்து நின்றார்.

"வலியைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"நீயாவா?"

"பின்ன யாரு?"

அப்படியே உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சிகிட்ட ஒரு வீடு பாக்கச் சொல்லியிருந்தேன். மாட்டேன்னுட்டா" என்றார். எந்த மாதம் சொன்னீர்கள் என்று கேட்டேன். மார்ச் என்றார்.

கொஞ்சம் வேலையாக இருந்ததாக எழுதியிருந்தாய். என்ன வேலை என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

முடிவு தபாலில் வருமாம்.

அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிவப்புப் பேனாவைத் தேடவே இல்லை.

வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். பொத்தான் வைத்துத் திறக்கிற சட்டையாகப் போடுங்கள், கையைத் தூக்க வேண்டியிருக்காது. என் இருமல் முழுதாகப் போய்விட்டது. எதிர் வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்துவிட்டார்கள். இரண்டு வால் பிள்ளைகள், பந்து சரியாக என் ஜன்னலுக்குத்தான் வருகிறது. பொழுது போகிறது.

முடிவு எதுவானாலும் உடனே எழுதுங்கள்.

நாத்தனார்


ஜூலை 21

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

ஜன்னல் கண்ணாடி முழுசாக இருக்கிறதா?

முடிவு வந்தது. எனக்கு வேலை உண்டு, தினமும் ஆறு மணி நேரம். தைக்கிற வேலை இல்லை. நூல் ஜன்னலில் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கு நூல்கண்டு எடுத்துக் கொடுக்கும் வேலை. உன் அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டு, "நியாயமான முடிவு. வேலையும் ஆச்சு, தோளுக்கும் நல்லது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். "நியாயம்தான், ஆனா எனக்கு வேண்டாம்" என்றேன்.

அன்றைக்கே குழுவுக்கு மறுப்பு எழுதினேன். ஒரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். உன் அண்ணன் கையை நீட்டினார், சரிபார்த்துத் தருகிறேன் என்று. தரவில்லை. உனக்கும் அனுப்பவில்லை, வருத்தப்படாதே. நீ திருத்தினால் அது இன்னும் நன்றாக இருந்திருக்கும், எனக்குத் தெரியும். பிழையோடு தபாலில் போட்டுவிட்டேன். இந்த முறை நானே போனேன் தபால்பெட்டிக்கு.

இன்று வேலையில் சேரும் நாள். வாசலைத் தாண்டினால் இடது பக்கம் நூல் ஜன்னல், வலது பக்கம் தையல் கூடம். வலது பக்கம் திரும்பினேன். இயந்திரத்தின் மேல் இருந்த துணியை எடுத்து மடித்தேன். எண்ணெய் போட்டு, கறுப்பு நூலைக் கோத்து, பாபினை மாட்டினேன். ஃபோர்மேன் வந்தார். கையில் உத்தரவு இருந்தது. இடது பக்கம் கையைக் காட்டி, "விண்டோ" என்றார்.

"ஐ கேன் சிட் தேர்" என்றேன். "பட் ஐ வில் நாட்."

கூடத்தில் எல்லா இயந்திரமும் ஒவ்வொன்றாக நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அவர் உத்தரவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். ஆள் அனுப்பி என்னை எழுப்பப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எழுப்பட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணனிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

ஆளோடுதான் வந்தார். மேசைக்குக் கீழே கிழிந்த இருக்கை ஒன்று கிடந்தது. அந்த ஆளை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை அவரே பிடித்து, தூக்கி என் மேசை மேல் வைத்தார். உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் அறைக்குப் போனார்.

குழு மறுபடி கூப்பிடுமாம். கூப்பிடட்டும், போகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. மதிய இடைவேளையில், இயந்திரத்தின் மேல் வைத்து எழுதுகிறேன். தோள் வலிக்கிறது. இருக்கையில் இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறது, மணி அடித்துவிட்டார்கள்.

அண்ணி